கறுப்புக் கண்ணாடி டார்ச்: பழுதுக்கடை அண்ணாச்சி பதில்கள்

சென்ற இதழில் கார் ஏசி கசிவைப் பற்றி எழுதியபோது, "புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லி வைத்தேன். ஏசி கேள்விகளைவிட அந்த டார்ச்சைப் பற்றிய கேள்விகள்தான் அதிகம் வந்திருக்கின்றன. கோவில்பட்டியில் குளிர்சாதனப் பெட்டியும் ஏசியும் பழுது பார்க்கிறவனிடம் தேளையும் மாணிக்கத்தையும் பற்றிக் கேட்டால் என்ன செய்வது? தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த இதழ் முழுக்க அந்த டார்ச்தான்.

அண்ணாச்சி, இணையத்தில் தேடினால் இருநூறு ரூபாய்க்கும் இருக்கிறது, இரண்டாயிரத்துக்கும் இருக்கிறது. இரண்டும் ஊதாவாகத்தான் எரிகின்றன. என்ன வித்தியாசம்?
*வாசகர், திருநெல்வேலி*

ஊதாவாக எரிவதுதான் மலிவு விளக்கின் அடையாளம். புற ஊதா நம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்கு ஊதா தெரிகிறது என்றால், சாதாரண வெளிச்சமும் கலந்து வருகிறது என்று பொருள். மலிவான டார்ச்சின் மேல் ஒளியின் அலைநீளம் 395 நானோமீட்டர் என்று போட்டிருக்கும். விலை கூடியதில் 365 என்று இருக்கும், முகப்பில் கறுப்புக் கண்ணாடி பொருத்தியிருப்பார்கள். அந்தக் கறுப்புக் கண்ணாடிதான் முக்கியம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுத்துப் புற ஊதாவை மட்டும் வெளியே விடும். நூறாண்டுக்கு முன் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் உருவாக்கிய கண்ணாடியின் வழிவந்தது அது. தோல் மருத்துவர்கள் இன்றும் 'வுட்ஸ் லாம்ப்' என்றுதான் சொல்கிறார்கள்.

தேள் தேடவும் எலித்தடம் பார்க்கவும் 395 போதும். நோட்டு, கல், பழைய காகிதம் பார்க்க வேண்டும் என்றால் 365 வாங்குங்கள். மலிவு விளக்கில் எல்லாப் பொருளும் ஊதாச் சாயம் பூசியதுபோல் தெரியும். எது தானாக ஒளிர்கிறது, எது டார்ச் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது என்று பிரிக்க முடியாது. கடையில் வாங்கும்போது வெள்ளை வேட்டியில் அடித்துப் பாருங்கள். 365 என்றால் டார்ச் முகப்பு மங்கலாகவும் வேட்டி பளீரென்றும் இருக்கும்.

கண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 365 விளக்கு பார்க்க மங்கலாக இருப்பதால் "பலமில்லாத விளக்கு" என்று நினைத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். கண்ணுக்கு வெளிச்சம் தெரியாததால் கண்பாப்பா சுருங்காது. உள்ளே போவது போய்க்கொண்டேயிருக்கும். புற ஊதாவைத் தடுக்கும் தெளிவான பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தை கையில் விளையாட்டுப் பொருளாகக் கொடுக்காதீர்கள்.

காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கூட்ட நேரத்தில் கள்ள நோட்டு வந்துவிடுகிறது. டார்ச் வைத்துக்கொண்டால் தப்பிக்கலாமா?
*வாசகர், ஒட்டன்சத்திரம்*

பாதி தப்பிக்கலாம். எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது காசு விஷயம்.

நம் நோட்டு பருத்திக் கூழில் செய்த தாள். நாம் எழுதும் தாளில் புற ஊதாவில் ஒளிரும் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்ப்பார்கள், நோட்டுத் தாளில் சேர்ப்பதில்லை. ஆகவே மேசை விளக்கை அணைத்துவிட்டு நோட்டின் மேல் டார்ச் அடித்தால் தாள் மங்கிக் கிடக்க வேண்டும். அந்த மங்கலில் மூன்று சங்கதிகள் எழும்ப வேண்டும். வரிசை எண் அச்சான இரண்டு இடங்களும் ஒளிரும். பாதுகாப்பு இழை ஒளிரும். தாளெங்கும் மயிரிழை போன்ற துண்டு நூல்கள் சிதறிக் கிடப்பது தெரியும். இந்த நூல்கள் நோட்டுக்கு நோட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒரே இடத்தில் அச்சடித்தாற்போல் இருக்காது. பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் தாளை வைத்து அதன் மேலும் அடியுங்கள். நீலம் பாய்ந்த வெள்ளையாகக் கண்ணைப் பறிக்கும். அப்படி ஒரு நோட்டு பறித்தால் சந்தேகப்படுங்கள்.

சந்தேகப்படுங்கள் என்றுதான் சொல்கிறேன், கிழித்துப் போடச் சொல்லவில்லை. சட்டைப் பையில் மறந்துபோய் சலவைக்குப் போன நல்ல நோட்டும் பளீரென்று ஒளிரும். சோப்புத் தூளில் இருக்கும் அதே வெண்மைச் சாயம் நோட்டில் ஏறிவிடும். மண்டியில் சுமை இறக்கும் தொழிலாளி கொடுக்கும் நோட்டு வியர்வையில் நனைந்து, துவைத்துக் காய்ந்து வந்திருக்கலாம். அதை வைத்து அவரைத் திருடனாக்கிவிடக் கூடாது. மறுபக்கம், வெண்மைச் சாயம் இல்லாத தாளைத் தேடிப் பிடித்து அச்சடிக்கிற கெட்டிக்காரக் கள்ளனும் இருக்கிறான். அவன் தாள் மங்கலாகவே இருக்கும்.

ஆகவே டார்ச்சுக்குப் பிறகு விரலுக்கும் கண்ணுக்கும் வேலை கொடுங்கள். 500 ரூபாய் நோட்டைச் சாய்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறும், முன்பக்கம் வலது கீழ்ப்புறம் இருக்கும் ₹500 என்ற எண்ணும் அப்படியே மாறும். இரு ஓரங்களிலும் ஐந்து சாய்கோடுகள் விரலில் தடிப்பாகத் தட்டுப்படும். மண்டியில் வெங்காயம் பிடித்த விரலில் ஒன்றும் தட்டுப்படாது, கையைத் துடைத்துவிட்டுத் தடவுங்கள்.

கள்ள நோட்டு என்று தெரிந்த பிறகு அதை அடுத்தவர் தலையில் கட்டுவது குற்றம். வங்கியில் கொடுத்தால் அவர்கள் முத்திரை குத்தி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், பணம் திரும்ப வராது. ஒரே தடவையில் நான்கு நோட்டு வரை வங்கி மாத அறிக்கையாகப் போலீசுக்கு அனுப்பும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் வழக்கே பதிவாகும். வாங்கும்போதே பார்த்துவிடுவது மேல்.

எங்கள் வீடு கல் உடைக்கும் பகுதிக்குப் பக்கம். கோடைக்காலத்தில் தேள் தொல்லை. புற ஊதா வெளிச்சத்தில் தேள் மின்னும் என்கிறார்களே, நிஜமா, அண்ணா?
*வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்*

நிஜம், தங்கையே. இந்த டார்ச் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பயன் இதுதான்.

தேளின் மேல்தோட்டில் இருக்கும் சில பொருள்கள் புற ஊதாவை வாங்கிப் பச்சை கலந்த நீலமாகத் திருப்பித் தருகின்றன. இருட்டில் சுவரோரம் டார்ச்சை ஓட்டிக்கொண்டே போனால், பத்தடிக்கு அப்பால் கல்லிடுக்கில் ஒரு கொடுக்கு மட்டும் நீட்டியிருந்தாலும் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் தெரியும். சாதாரண டார்ச்சில் மண்ணோடு மண்ணாக மறைந்துவிடும் செந்தேளும் தப்பாது. பெரிய கருந்தேள், நட்டுவாக்காலி என்கிறோமே, அதுவும் அப்படியே ஒளிரும். பார்க்க அதுதான் பயங்கரம், ஆனால் உயிருக்கு உலை வைப்பது சின்னச் செந்தேள்.

எப்போது பார்ப்பது? இருட்டி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து. நிலா இல்லாத, புழுக்கமான இரவு நல்லது. செங்கல் அடுக்கு, விறகுக் கட்டு, தேங்காய் மட்டைக் குவியல், தண்ணீர்த் தொட்டியின் அடிவாரம், குளியலறைச் சாக்கடை வாய், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் காரை பெயர்ந்த இடம். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை மறக்காதீர்கள். பிடிப்பதற்கு நீளமான இடுக்கி, வாய் அகன்ற கண்ணாடிப் புட்டி. புட்டியின் வழுக்கும் சுவரில் தேளால் ஏற முடியாது.

மூன்று எச்சரிக்கை. புதிதாகத் தோல் உரித்த தேள் ஒளிராது. தோடு இறுகிய பிறகுதான் ஒளி வரும். அதனால் ஒன்றும் மின்னவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று கையை விடாதீர்கள். செத்த தேளும் ஒளிரும், அசையவில்லை என்பதற்காக விரலால் தொட்டுச் சோதிக்காதீர்கள். மூன்றாவது முக்கியம்: பாம்பு இந்த வெளிச்சத்தில் மின்னிக் காட்டிக்கொடுக்காது. ஒரு கையில் புற ஊதா இருந்தால் மறு கையில் வெள்ளை டார்ச் இருக்க வேண்டும். காலடி வைக்கும் இடத்துக்கு வெள்ளை, சுவருக்கு ஊதா.

கொட்டிவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, கைகால் சில்லிடுவது, நெஞ்சு படபடப்பது என்று தொடங்கினால், குழந்தையென்றால் இவை தொடங்கும் முன்பே, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மகாராஷ்டிராவில் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை செந்தேள் கடிக்கு உயிர் காக்கும் என்று 1980-களில் காட்டினார். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் ஊர்ச் செந்தேளும் அதே இனம்தான். மருந்து இருக்கும்போது மந்திரித்துக்கொண்டு நேரம் கடத்த வேண்டாம்.

இந்த டார்ச்சை அடித்தால் செல்போன், காய்கறியில் இருக்கும் கிருமி சாகுமா?
*வாசகர், சென்னை*

சாகாது. கிருமியைக் கொல்வது 254 நானோமீட்டர் அளவிலான வேறு வகைப் புற ஊதா. அது கண்ணையும் தோலையும் சேர்த்துக் கொல்லும். வெல்டிங் பார்த்தவருக்கு இரவில் கண்ணில் மணல் போட்டாற்போல் உறுத்துமே, அந்த வேதனை அப்படியே வரும். உங்கள் வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிக்குள் அந்த விளக்குதான் உருளைக்குள் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. எரிகிறதா என்று பார்க்க அந்த உருளையை மின்சாரத்தோடு திறக்காதீர்கள். கொரோனா காலத்தில் ஊதா விளக்கைக் கிருமிநாசினிக் கோல் என்று விற்றவர்கள் பலர். சோப்பும் தண்ணீரும் அதைவிட மலிவு.

மாடி அறையில் தாங்க முடியாத வாடை. பூனையா எலியா தெரியவில்லை. எங்கே என்றும் தெரியவில்லை.
*வாசகி, கும்பகோணம்*

இரவு ஜன்னலை மூடி விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். பிறகு தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் டார்ச்சை ஓட்டுங்கள். எலி போகும் பாதையெல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போகும். காய்ந்த எலி மூத்திரம் நீலம் கலந்த வெள்ளைப் புள்ளிகளாகச் சுவரோரம் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசை எங்கே முடிகிறதோ அங்கே ஓட்டை. பூனை என்றால் ஒரே இடத்தில், பெரும்பாலும் மூலையிலோ பீரோ காலிலோ, மேலிருந்து வழிந்த தாரையாக மஞ்சள் சாயலில் தெரியும்.

சோப்புத் துளி, துணி நூல், பசை, ஃபினாயில் துடைத்த கோடு என்று எல்லாமே ஒளிரும். கிட்டத்தில் போய் முகர்ந்தால் தெரிந்துவிடும், அதற்கு டார்ச் எதற்கு என்று கேட்காதீர்கள். அறை முழுக்க முகர்ந்துகொண்டு திரிய முடியாதே. கண்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டு காலையில் கழுவுங்கள். எலி என்றால் கையுறை போட்டு, ஈரமாக்கித் துடையுங்கள், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. பூனை நிறையப் போயிருந்தால் முதலில் தண்ணீர் விட்டு நன்றாக அலசிவிடுங்கள். மூத்திரத்தின் மேல் நேராக பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினால் தொண்டையைப் பிடிக்கும் வாயு கிளம்பும்.

கடலை வியாபாரம் செய்கிறேன். பூஞ்சணம் பிடித்த கடலையில் நச்சு இருந்தால் டார்ச் காட்டிக்கொடுக்கும் என்று ஒருவர் சொன்னார்.
*வாசகர், திண்டிவனம்*

சொன்னவர் பாதி படித்திருக்கிறார். 1960-இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் செத்து விழுந்தன. தீவனத்தில் போட்ட கடலைப் பிண்ணாக்கைச் சோதித்தபோதுதான் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சண நச்சு அகப்பட்டது. ஆய்வகத்தில் பிரித்தெடுத்துப் புற ஊதாவில் வைத்தால் அதன் ஒரு வகை நீலமாகவும் இன்னொரு வகை பச்சையாகவும் ஒளிரும். ஆனால் அது பிரித்தெடுத்த பிறகு. மூட்டையில் இருக்கும் பருப்பின் மேல் டார்ச் அடித்தால் பருப்பே மங்கலாக ஒளிரும், தோலும் ஒளிரும், ஒன்றும் பிடிபடாது. மக்காச்சோளத்தில் மட்டும் உடைத்த மணியில் பச்சை கலந்த மஞ்சளாக மின்னுவதைப் பார்த்து மூட்டையைத் தனியே ஒதுக்குவார்கள். அங்கேயும் அது சந்தேகத்துக்கான அடையாளம்தான், பிறகு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

உங்களுக்கு முதல் சோதனை கண்ணும் நாக்கும்தான். சுருங்கியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது, கசப்பது, இவற்றைப் பொறுக்கி எறியுங்கள். ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள், பாலில் வந்துவிடும். வறுத்தால் சரியாகிவிடும் என்பதும் பொய், அந்த நச்சு சட்டிச் சூட்டுக்கு முழுதாக அழியாது. வாங்கும் கடலை நன்றாகக் காய்ந்ததா என்று பாருங்கள். மீதியெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

என் தாத்தா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள் வீட்டில் இருக்கின்றன. மை மங்கி வெறும் பழுப்பாகிவிட்டது. படிக்க வழி உண்டா, ஐயா?
*வாசகர், காரைக்குடி*

இப்படி ஒரு கேள்வி வந்ததற்காகவே இந்தப் பத்தியை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துப் பேனா மையில் பெரும்பகுதி இரும்பு உப்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்கும் சேர்ந்து உண்டானது. பல ஆண்டில் அது வெளிறிப் பழுப்பாகிவிடும். ஆனால் வெளிறிய பிறகும் அது புற ஊதாவை விழுங்கும். தாளோ கொஞ்சம் ஒளிரும். இருட்டறையில் 365 டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், மங்கலான தாளின் மேல் எழுத்து கறுப்பாக எழும்பி வரும். சாதாரண வெளிச்சத்தில் "சேமம்" என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்த பக்கத்தில் வரி வரியாகப் படிக்கலாம். உங்கள் கடிதத்தில் சாய மை இருந்தால் இப்படி வராது. அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

செல்போனைத் தாங்கியில் நிறுத்தி, அசையாமல் ஒரு படம் எடுத்துக்கொண்டு டார்ச்சை உடனே அணைத்துவிடுங்கள். படித்து முடிக்கும்வரை வெளிச்சத்தைப் பாய்ச்சிக்கொண்டிருந்தால் பழைய தாளுக்குக் கெடுதல். படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் படியுங்கள். கடிதத்துக்கு லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. பழைய பத்திரம் என்று யாராவது நீட்டினால், அதன் மேலும் இந்த டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெண்மைச் சாயம் சேர்த்த தாள் 1950 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1935 என்று தேதி போட்ட பத்திரத்தின் தாள் ஜெராக்ஸ் தாள்போல் நீலமாகப் பளபளத்தால் வக்கீலைப் பார்க்க வேண்டிய நேரம். பளபளக்கவில்லை என்பதால் அசல் என்று ஆகிவிடாது. பழைய வெற்றுத்தாள் இன்றும் கிடைக்கிறது.

மாணிக்கம் என்று ஒரு மோதிரக் கல் கொடுத்திருக்கிறார்கள். டார்ச் அடித்தால் நெருப்புத் துண்டம்போல் சிவக்கிறது. அசல்தானே?
*வாசகி, நாமக்கல்*

அம்மா, சிவப்பது அதிலுள்ள குரோமியம். இயற்கை மாணிக்கத்திலும் குரோமியம் உண்டு, உலையில் வளர்த்த மாணிக்கத்திலும் உண்டு. பிரெஞ்சுக்காரர் வெர்னுயி 1902-இல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அன்றிலிருந்து உலகம் முழுக்க அது குவிந்து கிடக்கிறது. நம் திருச்சி வட்டாரத்திலேயே வீட்டுக்கு வீடு செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிய காலம் உண்டு. உலைக் கல்லில் இரும்புக் கலப்பு இல்லாததால் இயற்கைக் கல்லைவிட அது அதிகமாகவே சிவக்கும். ஆக, கண்ணைப் பறிக்கும்படி சிவந்தால் மகிழ்வதைவிட யோசிப்பது நல்லது. கொஞ்சமும் சிவக்காதது வெறும் சிவப்புக் கண்ணாடியாக இருக்கலாம். இரும்பு அதிகமுள்ள தாய்லாந்துக் கல்லாகவும் இருக்கலாம். கல் சோதனைக் கூடத்தில் சான்றிதழ் வாங்குங்கள். கல்லைக் கொடுத்தவரிடம் சண்டைக்குப் போவது அதற்குப் பிறகு.

பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் எங்கள் கிணற்றுக்குள் கசிகிறது என்று சந்தேகம். அவர் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்.
*வாசகர், நாகர்கோவில்*

இதற்கு ஒரு சாயம் உண்டு: ஃபுளோரசின் சோடியம். கண் மருத்துவர் கண்ணில் தொட்டு வைப்பாரே, அந்த ஆரஞ்சுச் சாயம். தண்ணீரில் கரைந்தால் பச்சையாக ஒளிரும், வெகுவாக நீர்த்த பிறகும் கண்ணுக்குப் படும். 1877-இல் ஜெர்மனியில் டான்யூப் ஆறு நிலத்துக்குள் மறையும் இடத்தில் பத்துக் கிலோ சாயத்தைக் கொட்டினார்கள். சுமார் 60 மணி நேரம் கழித்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆக் என்ற ஊற்று பச்சையாகப் பொங்கியது. டான்யூப் தண்ணீர் ரைன் நதிக்குப் போகிறது என்ற வழக்கு அத்தோடு தீர்ந்தது.

உங்களுக்குச் சில கிராம் போதும். பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும்; ஊராட்சித் தலைவரையோ பொதுவான ஒருவரையோ உடன் வைத்துக்கொண்டால் அவர் மறுக்க மாட்டார். சாயம் போடுவதற்கு முந்தின நாளே கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து மூடித் தேதி எழுதி வையுங்கள். சாயத்தைக் கரைத்து அவர் வீட்டுக் கழிப்பறையில் ஊற்றிவிட்டு, அன்றாடம் ஒரு புட்டி கிணற்றுத் தண்ணீர் எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டே வாருங்கள். இருட்டில் டார்ச் அடித்து முதல் புட்டியோடு ஒப்பிட வேண்டும். வெறும் கிணற்றுத் தண்ணீரும் லேசாக நீலம் காட்டும், பச்சை ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு வாரம் பாருங்கள். வரவில்லை என்றாலும் கிணறு சுத்தம் என்று ஆகாது. மண் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துக் கிருமிச் சோதனையும் செய்துவிடுங்கள்.

வண்டி ஏசியில் சாயம் போட்டுப் பார்க்கலாம் என்றீர்கள். எங்கே பார்ப்பது என்று சொல்லவில்லையே?
*டாக்சி ஓட்டுநர், ஓசூர்*

இதுதான் என் தொழில், மற்றதெல்லாம் கேள்வி ஞானம். புற ஊதாவில் ஒளிரும் சாயத்தை ஏசியில் ஏற்றி சில நாள் வண்டியை ஓட்டிவிட்டு, மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிழலில் பாருங்கள். கம்ப்ரஸரின் முன்பக்க அச்சைச் சுற்றி, குழாய் முறுக்கு மூட்டுகள், ரேடியேட்டருக்கு முன்னால் கல் தெறித்து அடிபடும் கண்டன்ஸர், இந்த மூன்றும் முதல் குற்றவாளிகள். எலுமிச்சை நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்காகத் தெரியும். எங்கும் தெரியவில்லையென்றால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில்தான் குற்றவாளி. அதைக் கழற்றும் முன், கீழே தண்ணீர் சொட்டும் ரப்பர்க் குழாயின் வாயில் டார்ச் அடியுங்கள். அந்தச் சொட்டு பச்சையாக ஒளிர்ந்தால் டாஷ்போர்டைக் கழற்றத்தான் வேண்டும். சரி செய்த பிறகு பழைய சாயத்தை நன்றாகத் துடைத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த மெக்கானிக் அதே இடத்தில் இன்னொரு முறை பணம் பறிப்பார்.

வீட்டு ஃபிரிட்ஜுக்கு இந்தச் சாயம் வேண்டாம். அதிலுள்ள வாயு மிகக் கொஞ்சம், சோப்பு நுரையே போதும். இன்வெர்ட்டர் ஏசியின் மின்னணுப் பலகையைப் பார்க்க மட்டும் நான் டார்ச்சை எடுப்பேன். ஈரம் புகாமல் பூசிய பூச்சு நீலமாக ஒளிரும். எங்கே பூச்சு விட்டுப்போயிருக்கிறதோ அங்கே கறுப்பாக ஒரு தீவு இருக்கும், பல்லி எச்சமும் துருவும் அந்தத் தீவில்தான் குடியிருக்கும்.

கூலிங் கிளாஸ் வெயிலைத் தடுக்கிறதா என்று பார்க்க முடியுமா?
*வாசகர், வேலூர்*

365 இருந்தால் முடியும். நூறு ரூபாய் நோட்டின் வரிசை எண் மேல் டார்ச் அடியுங்கள், எண் ஒளிரும். டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவில் கண்ணாடியை நீட்டுங்கள். ஒளிர்வது அணைந்தால் நல்ல கண்ணாடி. அப்படியே மின்னிக்கொண்டிருந்தால் அது வெறும் கறுப்புச் சாயம். அதைப் போடுவது போடாமலிருப்பதைவிடக் கெடுதல், ஏனென்றால் இருட்டுக்குப் பாப்பா விரியும், புற ஊதாவும் தாராளமாக உள்ளே போகும். 395 டார்ச்சில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், நல்ல கண்ணாடியும் அதைக் கொஞ்சம் விட்டுவிடும்.

பையன் தோலில் வெள்ளைத் திட்டு. டார்ச்சில் பளிச்சென்று தெரிகிறது. வெண்புள்ளியா?
*வாசகி, ஈரோடு*

தோல் மருத்துவரிடம் போங்கள். அவரும் இதே மாதிரி விளக்கைத்தான் அடிப்பார், ஆனால் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர். தேமலுக்கு ஒரு நிறம், வெண்புள்ளிக்கு ஒரு நிறம், முகத்தில் பூசிய பவுடருக்கு இன்னொரு நிறம்.

அண்ணாச்சி, எட்டாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா டார்ச் வாங்கித் தந்திருக்கிறார். கள்ள நோட்டும் இல்லை, தேளும் இல்லை. வேறு என்ன பார்ப்பது?
*மாணவி, மன்னார்குடி*

சமையலறைக்குப் போ, பாப்பா. அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போ. சிட்டிகை மஞ்சள் தூளைத் தேங்காய் எண்ணெயில் கலக்கித் தெளியவிட்டு அடித்துப் பார். எண்ணெய் மஞ்சள் பச்சையாக எரியும். பசலைக் கீரையைக் கசக்கிச் சானிடைசரில் ஊற வைத்து வடிகட்டினால் பச்சைத் தண்ணீர் கிடைக்கும். அதன் மேல் அடித்தால் ரத்தச் சிவப்பு. இலைக்குள் இருக்கும்போது உணவு தயாரிக்கப் போகும் வெளிச்சம், இலையை விட்டு வந்த பிறகு வேலையில்லாமல் சிவப்பாக வெளியேறுகிறது. சானிடைசர் தீப்பற்றும், அடுப்பு எரியும்போது இதைச் செய்யாதே.

பி காம்ப்ளக்ஸ் மாத்திரை ஒன்றைத் தண்ணீரில் கரைத்தால் பளபளக்கும் மஞ்சள் பச்சை, அது பி2 வைட்டமின். வாஸ்லைன் நீலம். டானிக் வாட்டர் என்று கடையில் விற்கும் கசப்பு சோடாவும் நீலம். அதில் இருக்கும் குவினைன் கரைசலை வைத்துத்தான் 1852-இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி இந்த ஒளிர்தலை ஆராய்ந்தார். நன்றாகப் பழுத்த மோரிஸ் வாழைப்பழத்தில் அடித்துப் பார், தோல் நீலம் பூத்திருக்கும். கறுப்புப் புள்ளி விழுந்த இடத்தைச் சுற்றி ஒரு நீல வளையம்கூடத் தெரியும். பச்சைக் காயில் அது இருக்காது. நாட்டுக்கோழி முட்டை இருந்தால் அதன் பழுப்புத் தோட்டில் அடித்துப் பார், சிவக்கும். வெள்ளை முட்டையைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி நாட்டு முட்டை என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, என்ன பார்த்தாய் என்று எனக்கு எழுது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார். தங்கச்சியோ தம்பியோ பக்கத்தில் நின்றால் அவர்கள் கண்ணில் படாமல் டார்ச்சைக் கீழே பிடி.